‘ஸ்டேட்’: ஒரு சொல்லும் அதன் பல பொருளும்

ஒரு பொருளுக்கு ஒரு சொல்லும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளுமாக அமைந்த மொழி உலகில் எங்கும் இல்லை. மக்கள் வாழ்க்கை விரியுந்தோறும் பழைய சொற்களே புதிய பொருள்களையும் தாங்கி நிற்கின்றன. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள், ஒரு சொல் பல பொருள் குறிப்பதைத் தொகுத்துரைக்கத் தனியே ஒரு பகுதி வகுத்தமை இதனாலேயாம். தொல்காப்பியர் இன்னும் ஒருபடி மேற்சென்று, கிளவியாக்கத்திலே பலபொருள் ஒருசொல்லை இரு வகையாகப் பகுத்தார். முடிக்கும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் விளங்குவது ஒரு வகை. அவ்வாறு விளங்காது ஐயத்துக்கு இடமாய் நிற்பது மற்றொரு வகை. பின்னையதைச் சொல்லுவோன், தான் கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறல் வேண்டும் என்பது அவர் விதி.

உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். மா பூத்தது என்றால் மரம் என்பது தெளிவு; மா ஓடிற்று என்றால் விலங்கு என்பது தெளிவு; மா வீழ்ந்தது என்றாலோ மரமோ விலங்கோ எனக் கேட்போன் மயங்குவான். இதே முறையில் ‘அரசு’ என்னும் சொல்லையும் நாம் ஆராயலாம். அரசு தளிர்த்தது என்புழி அரச மரம். அரசு வரி விதித்தது என்புழி ஆட்சி. அரசு வீழ்ந்தது என்று மட்டும் ஒருவர் எழுதினால், காற்றிலே மரம் சாய்ந்ததோ பாராளுமன்றத்திலே ஆட்சி கவிழ்ந்ததோ என்பது அவர் வாய்திறந்து விளக்கினாலன்றித் தெரியாது.

மரத்தைப் பற்றிய மயக்கம் நகைப்புக்குரியது. ஆட்சியைப் பற்றிய மயக்கம் அத்தகையதன்று. ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்’ (யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கில் ‘ஸ்ரேற்’) என வழங்கும் எளிய சொல் இதற்குச் சிறந்த சான்றாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் மாணவன் ஒருவன், ஒரே நாளில் தமிழ்ப் பத்திரிகையையும் ஆங்கிலப் பத்திரிகையையும் அருகருகே வைத்து வாசிப்பானாயின், ஆங்கிலத்தில் இவ்வொரு சொல் நிற்கும் இடங்களிலெல்லாம் தமிழில் நிலை, அரசு, அரசாங்கம், நாடு, மாநிலம், இராச்சியம், இராஜாங்கம் எனப் பல சொற்கள் மாறி மாறி நிற்பதைக் காண்பான். இவை மொழிபெயர்ப்பாளரின் விருப்பப்படி வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளைத் தெரிந்தெடுக்கின்றது. அத்தெரிவின்மேல் கட்சிகளின் உயிரும், காணிகளின் உரிமையும், மக்களின் குடியுரிமையும் தங்கியிருந்தமையை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பிறப்பு

‘ஸ்டேட்’ என்பது இலத்தீன் மொழியிலுள்ள ‘ஸ்தாதுஸ்’ என்னும் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இலத்தீனில் ‘ஸ்தாரே’ என்பது நிற்றல். நிற்கும் தன்மையே ‘ஸ்தாதுஸ்’. வடமொழியிலே ‘ஸ்தா’ என்னும் வேரும் அதிலிருந்து பிறந்த ‘ஸ்திதி’ என்னும் சொல்லும் இதற்கு உறவானவை. தமிழிலோ இன உறவு இன்றியே இதே முறையில் ஒரு சொல் பிறந்திருக்கின்றது. ‘நில்’ என்னும் வினையடியாகப் பிறந்தது ‘நிலை’. ஆகவே, ‘ஸ்டேட்’ என்பதன் முதற் பொருளுக்குத் தமிழில் ‘நிலை’ என்பதினும் பொருத்தமான சொல் வேறில்லை. நீர் திண்மமாகவும் திரவமாகவும் வாயுவாகவும் இருப்பதைப் பௌதிகவியலார் மூன்று நிலைகள் என்பர். நோயாளியின் நிலை, மனத்தின் நிலை, நாம் நெடுங்காலம் பழகிப்போன அவசரகால நிலை ஆகிய யாவும் இப்பொருளின்பாற்பட்டனவே.

நிற்றலிலிருந்து மேலும் சில பொருள்கள் கிளைத்தன. ஒருவன் சமூகத்திலே எவ்விடத்தில் நிற்கின்றான் என்பது அவனது அந்தஸ்து. உயர்ந்த அந்தஸ்துக்குரிய ஆடம்பரமும் அதே சொல்லாற் குறிக்கப்பட்டது. மறைந்த தலைவர் ஒருவரின் உடலைப் பொதுமக்கள் அஞ்சலிக்காகப் பெருமதிப்புடன் வைத்தலை ஆங்கிலத்தில் இச்சொல்லைக் கொண்டே கூறுவர். அந்தஸ்துக்கு ஆதாரமாக அமைந்த நிலபுலம் ‘எஸ்டேட்’ ஆயிற்று. நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் ஆங்கிலப் பெயரில் நிற்பது இச்சொல்லே. கருத்தை நிலைநிறுத்திச் சொல்லுதல் என்னும் வினைப்பொருளும் இதனிடத்தே தோன்றியது. நீதிமன்றங்களிலும் பொலிஸ் நிலையங்களிலும் நாம் ‘வாக்குமூலம்’ என்பதன் ஆங்கிலப் பெயர் அவ்வழி வந்தது. 18 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் கொட்ஃபிரீட் ஆகென்வால், நாடுகளின் இயல்புகளை விவரிக்கும் கல்விக்கு இதே வேரிலிருந்து ‘ஸ்தாதிஸ்திக்’ என்னும் பெயரை வழங்கினார். நாம் புள்ளிவிபரவியல் என்று கற்பதும், நமது தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரில் நிற்பதும் அச்சொல்லே.

இவை யாவும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் விளங்குபவை. உருகும் உலோகத்தின் நிலையை எவரும் ஆட்சியென்று மயங்கார். மயக்கம் தொடங்குவது இச்சொல் அரசியலுக்குள் நுழையும்போதுதான்.

மன்னனும் அரசும்

ஐரோப்பாவிலே இச்சொல் முதலில் மன்னனது நிலையையும், அவன் தன் பதவியில் நிலைத்திருத்தலையுமே குறித்தது. 16 ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ‘ஸ்தாதோ’ என்னும் சொல் ஆள்வோனின் பிடியிலுள்ள ஆட்சி என்னும் பொருளில் பெருவழக்காயிற்று. மக்கியவல்லி 1513 இல் எழுதி, அவர் மறைந்த பின்னர் 1532 இல் அச்சான ‘இளவரசன்’ என்னும் நூல் இதற்குச் சான்று. பின்னர் நாளடைவில், ஆள்பவன் மாறினும் மாறாது நிற்கும் ஓர் அமைப்பு என்னும் பொருள் உருவாயிற்று. மன்னன் இறப்பான், அமைச்சரவை கலையும், தேர்தலில் ஒரு கட்சி தோற்று மறுகட்சி வெல்லும், இவற்றுக்கிடையே கடன்களையும் உடன்படிக்கைகளையும் சட்டங்களையும் தாங்கித் தொடர்ந்து நிற்பது எதுவோ அதுவே இன்று ‘ஸ்டேட்’ எனப்படுகின்றது. 1933 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் உருகுவே நாட்டின் மொண்டிவிடியோ நகரிற் கைச்சாத்தான சமவாயம் இதற்கு நான்கு இலக்கணம் வகுத்தது. நிலையான குடிகள், வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளுடன் உறவு கொள்ளும் தகுதி என்பன அவை. அரசாங்கம் என்பது நான்கனுள் ஒன்று மாத்திரமே என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இந்திய மரபிலும் இவ்வேறுபாட்டின் சாயலைக் காணலாம். பொருட்பாலின் தொடக்கத்திலே வள்ளுவர் சேனை, மக்கள், செல்வம், அமைச்சர், நட்பு, கோட்டை என்னும் ஆறனையும் மன்னனுக்கு உரியவையாக வைத்தார். ஆங்கே மன்னன் உடையவன், ஏனையவை உடைமைகள். கௌடிலியரது அருத்தசாத்திரம் உறுப்புக்களை ஏழாக எண்ணுகின்றது. அவ்வேழில் மன்னனும் ஓர் உறுப்பாக அடங்கிவிடுகின்றான். முழுமைக்குப் பெயர் இராச்சியம். மன்னனை உறுப்பாகவும் இராச்சியத்தை முழு உடம்பாகவும் கொண்ட இக்கொள்கை, இக்காலத்துப் பொருளுக்கு அணித்தாக நிற்கின்றது.

தமிழில் ‘அரசு’ என்னும் சொல்லோ மன்னனையும் மன்னனது ஆட்சியையும் ஒருங்கே குறித்து வந்தது. ஆதலால் மொழிபெயர்ப்பிலே வியப்பானதொரு விளைவு நேர்கின்றது. பிரான்ஸ் நாட்டுப் பதினான்காம் லூயி மன்னன் ‘ஸ்டேட் என்பது நானே’ என்று கூறினான் என்பது வழக்கு. அவன் அவ்வாறு கூறியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பர் வரலாற்றாசிரியர். அக்கூற்றின் செருக்கு, மன்னனும் நிலைத்த அமைப்பும் வேறு வேறு என்பதை அறிந்தும் இரண்டும் ஒன்றே என்றதில் இருக்கின்றது. அதனைத் தமிழில் ‘அரசு நானே’ என்று பெயர்த்தால் செருக்கு மறைந்துவிடுகின்றது. மன்னன் தான் மன்னன் என்று சொன்னதாகவே பழந்தமிழ் அறிந்தவன் கொள்வான்.

இவ்வினாவை நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் காணலாம். 1972 ஆம் ஆண்டு மே மாதம் 22 ஆம் திகதி இலங்கை குடியரசானபோது, பிரித்தானிய முடிக்கு உரியவையாக இருந்தவை ‘ஸ்டேட்’டுக்கு உரியவையாயின. முடிக்குரிய காணி அன்றிலிருந்து அரச காணி எனப்பட்டது. ஆங்கிலத்தில் முடி போய் அதனிடத்தே மன்னன் அற்ற ஒரு சொல் வந்தது. தமிழிலோ முடி போயும் ‘அரச’ என்னும் அடைமொழியில் மன்னன் மறைவாகத் தங்கிவிட்டான். அரச காணி என்பதை மன்னன் காணி எனக் கொள்வார் இன்று எவருமிலர் எனினும், அஃது ஆட்சியிலிருப்போர் காணி என்று கருதுவார் பலர் உளர். அரசு வேறு, அரசாங்கம் வேறு என்பதை நம் பேச்சு வழக்குப் போதிய அளவு பிரித்துக் காட்டாமையே இதற்குக் காரணம்.

பிரித்துணர வேண்டிய தேவை சிறிதன்று. 1987 ஆம் ஆண்டு நவம்பரிற் சட்டமான பதின்மூன்றாவது திருத்தம், காணியை மாகாண சபைகளின் நிரலிற் சேர்த்தது. அதே வேளையில் அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கு உரியது எனவும் கூறியது. அங்கே ‘ஸ்டேட்’ என்பது கொழும்பிலுள்ள மத்திய அரசாங்கம் மாத்திரமா, மாகாண சபைகளையும் தன்னுள் அடக்கிய முழு அமைப்பா என்பது கேள்வி. மலைநாட்டுத் தோட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கிலே, 2013 செப்டெம்பர் 26 இல் உயர் நீதிமன்றம் அரச காணிமீதான அதிகாரம் மத்தியிலேயே தங்குகின்றது எனத் தீர்த்தது.

பகுதியும் முழுமையும்

இதுவரை கூறிய அரசியற் பொருளில் ‘ஸ்டேட்’ என்பது முழுமை. அதற்கு நேர்மாறாக, ஒரு முழுமையின் பகுதியையும் ஆங்கிலம் அதே சொல்லாற் குறிக்கின்றது. அமெரிக்காவின் ஐம்பது பகுதிகளும் அவுஸ்திரேலியாவின் ஆறு பகுதிகளும் இப்பெயருடையன. இந்தியாவோ, தன் அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையிலேயே தன்னை இத்தகைய பகுதிகளின் ஒன்றியம் எனக் கூறுகின்றது. இன்று அப்பகுதிகள் 28. அதே அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளின் பொருட்டு இச்சொல்லுக்கு வேறொரு வரைவிலக்கணம் தருகின்றது. மத்திய அரசாங்கமும் பாராளுமன்றமும், பகுதிகளின் அரசாங்கங்களும் சட்டமன்றங்களும், உள்ளூர் அதிகார சபைகள் முதலியனவும் அங்கே ஒருங்கே இச்சொல்லுள் அடங்குகின்றன. ஒரே நூலில், சில பக்க இடைவெளியில், ஒரு சொல் பகுதியையும் குறிக்கின்றது. எல்லா அதிகார பீடங்களையும் குறிக்கின்றது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் ஆங்கிலத்தினும் தெளிவான வழி கண்டனர். அதிகார பீடத்துக்கு ‘அரசு’ என்றும், ஒன்றியத்தின் பகுதிக்கு ‘மாநிலம்’ என்றும் இரு சொற்களை வழங்கினர். பழைய நூல்களில் மாநிலம் என்பது பெரிய நிலமாகிய உலகம் முழுவதையும் குறிக்கும். உலகைக் குறித்த சொல்லை ஒரு நாட்டின் பகுதிக்கு ஆக்கியது, பொருள் சுருங்கிய வகை. இதற்கு மறுதலையாக ‘நாடு’ என்னும் சொல் பொருள் விரிந்தது. சோழர் கல்வெட்டுக்களிலே நாடு என்பது சில ஊர்களின் தொகுதி. அதன் மேலே வளநாடும் மண்டலமும் இருந்தன. இன்றோ நாடு என்பது இறைமையுள்ள தேசத்தையும் குறிக்கின்றது. அமெரிக்காவை ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்று எழுதும் வழக்கமும், உலக நாடுகளின் மன்றத்தை ‘ஐக்கிய நாடுகள்’ என்று எழுதும் வழக்கமும் தமிழில் அருகருகே நிற்கின்றன. முன்னையதில் நாடு பகுதி. பின்னையதில் நாடு முழுமை.

இந்த மயக்கம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடுமாறு 1956 இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார் சங்கரலிங்கனார். 1967 ஜூலை 18 இல் அந்த மாநிலச் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969 ஜனவரி 14 இல் பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பதாண்டுகள் கழிந்த பின்னரும், 2023 ஜனவரியில் ஆளுநர் ஆர். என். ரவி ‘தமிழகம்’ என்பதே பொருத்தமான பெயர் எனக் கூறியபோது பெருங் கண்டனம் எழுந்தது. அம்மாதமே அவர் தம் கூற்றுக்கு விளக்கம் அளித்தார். நாடு என்றால் தனித்தேசம் என்னும் பொருளை மாத்திரம் அறிந்தோர்க்கும், கல்வெட்டுக்காலம் முதல் வரும் பொருளையும் அறிந்தோர்க்கும் இடையே நிகழ்ந்த பூசல் அது.

பதவிப் பெயர்களிலும் இதே வேறுபாடு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் ‘ஸ்டேட்’டின் செயலாளர் என்பவர் வெளிநாட்டமைச்சர். பிரித்தானியாவில் அப்பெயர் அமைச்சரவையின் மூத்த உறுப்பினர் பலருக்கு உரியது. இந்தியாவிலோ ‘ஸ்டேட்’ அமைச்சர் என்பவர் அமைச்சரவைத் தரத்துக்குக் கீழ்ப்பட்டவர்; தமிழ்நாட்டார் அவரை இணையமைச்சர் என்பர். இலங்கையிலே அதே பதவிக்கு ‘இராஜாங்க அமைச்சர்’ என்பதே 2024 ஆம் ஆண்டுவரை அமைந்த அமைச்சரவைகளில் வழங்கிய பெயர். பெயரின் ஒலியை மாத்திரம் கேட்பவன், இவரே யாவரினும் பெரியவர் என்று எண்ணினால் அவனைக் குறைகூற முடியாது.

தனியரசும் ஒற்றையரசும்

இனி, இச்சொல்லின் பொருள் நம் மக்களின் வாழ்வோடு நேரே மோதிய இடங்களுக்கு வருவோம். 1949 டிசெம்பர் 18 இல் கொழும்பு மருதானையில் ஒரு கட்சி தோன்றியது. அதன் தமிழ்ப் பெயர் இலங்கைத் தமிழரசுக் கட்சி. ஆங்கிலத்தில் அது சமஷ்டிக் கட்சி என்னும் பொருளுடைய பெயரால் வழங்கலாயிற்று. எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் வேண்டியது சமஷ்டி அமைப்பினுள் ஓர் உறுப்பாகிய தமிழ் அரசு. ஆனால் ‘அரசு’ என்னும் தமிழ்ச்சொல் பகுதியையும் குறிக்கும், முழுமையையும் குறிக்கும். ஆங்கிலப் பெயர் ஒன்று சொல்லுகிறது, தமிழ்ப் பெயர் வேறொன்று சொல்லுகிறது என்னும் குற்றச்சாட்டு அக்கட்சியைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்தது.

1976 மே 14 இல் வட்டுக்கோட்டையிலே தமிழர் விடுதலைக் கூட்டணி இறைமையுள்ள தனியரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. பொருள் கிளந்து கூறப்பட்டது. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து, ஓகஸ்ட் மாதம் 8 ஆம் திகதி அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் சட்டமாயிற்று. இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனியான ‘ஸ்டேட்’ ஒன்றை அமைப்பதை ஆதரித்தல் அதனாற் குற்றமாயிற்று. அதற்கெதிரான சத்தியத்தைச் செய்யாத கூட்டணி உறுப்பினர்கள் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர்.

இத்திருத்தத்தின்கீழ், தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடே எனப் பிரகடனஞ் செய்யுமாறு 2014 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுக்கப்பட்டது. சமஷ்டி, இணைப்பாட்சி முதலிய சொற்களின் பொருள் புதுக்கடையிலே நீதியரசர்கள் முன்னிலையில் ஆராயப்பட்டது. 2017 ஓகஸ்ட் 4 இல், பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான மூவர் குழு மனுவைத் தள்ளுபடி செய்தது. இருக்கும் அரசினுள் சமஷ்டி ஆட்சிமுறையை வேண்டுதல் பிரிவினையை வேண்டுதல் ஆகாது என்பது தீர்ப்பு. ஒற்றையாட்சி, சமஷ்டி என்னும் பெயர்ச்சீட்டுகள் சிலபோது மயக்கந் தருவன; ஒன்றின் இயல்புகள் மற்றதிற் காணப்படுதல் கூடும் என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. சொல்லை அதன் சார்பிலே வைத்துப் பொருள் காண்க என்னும் இலக்கண விதியையே நீதிமன்றமும் தன் வழியிற் கூறியது எனலாம்.

அவ்வழக்குத் தொடுக்கப்பட்ட 2014 ஆம் ஆண்டிலே, பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததையும் நோக்குவோம். தனி ‘ஸ்டேட்’ வேண்டும் என்று பல்லாண்டு போராடிய தெலுங்கானா மக்கள், அவ்வாண்டு ஜூன் 2 இல் அதனைப் பெற்றனர். இந்திய அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்புரை அதற்கு இடந் தருகின்றது. ஆங்கிலத்தில் அவர்கள் முழங்கிய அதே இரு சொற்களை இலங்கையில் ஒருவர் முழங்கினால் ஆறாவது திருத்தம் அவரைப் பற்றும். ஆயினும் இந்தியாவிலும் பிரிவினைக்கு இடமில்லை. 1963 ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் அதற்கு எதிரானது. திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதும் அவ்வாண்டிலேயே. ஆக, ஆங்கிலத்தில் ஒரே சொற்றொடராக நிற்பதனைத் தமிழ், தனிமாநிலம் என்றும் தனிநாடு என்றும் பிரித்துக் காட்டவல்லது. இந்த ஆற்றலை நாம் பயன்படுத்துகின்றோமா என்பதே வினா.

‘ஒற்றையாட்சி’ என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு ஒட்டியதே. சோல்பரி யாப்பிலே இலங்கை ஓர் ஒற்றையரசு எனப் பிரகடனஞ் செய்யப்படவில்லை. 1972 ஆம் ஆண்டு யாப்பே தன் இரண்டாம் உறுப்புரையில் அதனைக் கூறியது; 1978 ஆம் ஆண்டு யாப்பும் அவ்வாறே. சிங்களத்தில் அது ‘ஏகீய ராஜ்ய’. தமிழில் ‘ஒற்றையாட்சி அரசு’. இரண்டையும் ஒப்புநோக்குக. சிங்களத் தொடர் ஒருமையை இராச்சியத்தின்மேல் ஏற்றுகின்றது. தமிழ்த் தொடர் அதனை ஆட்சியின்மேல் ஏற்றுகின்றது. சிங்கள வாசகன் அதனைக் கேட்கும்போது பிளவுபடாத ஒரு நாட்டை நினைக்கின்றான். தமிழ் வாசகனோ அதிகாரம் முழுவதும் ஓரிடத்திற் குவிந்த ஆட்சியை நினைக்கின்றான். ஆங்கிலச் சொல் இரண்டுக்கும் இடங்கொடுத்து நிற்கின்றது.

2017 செப்டெம்பர் 21 இல் அரசியலமைப்புச் சபையில் முன்வைக்கப்பட்ட வழிப்படுத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை இம்மயக்கத்தை வெளிப்படையாக எடுத்துக்கொண்டது. ஐக்கிய இராச்சியத்திலிருந்து ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் விலகிச்செல்லல் இன்று கூடுமாதலால் அந்த ஆங்கிலச் சொல் இலங்கைக்குப் பொருந்தாது எனக் கூறி, பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாட்டைக் குறிக்கச் சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ எனவும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ எனவும் வழங்க அது முன்மொழிந்தது. தமிழ்ச் சொல் ஒற்றையாட்சியைக் கைவிட்டது எனச் சிங்களத் தரப்பிற் சிலரும், சிங்களச் சொல் ஒற்றையாட்சியை மறைத்து வைத்தது எனத் தமிழ்த் தரப்பிற் சிலரும் ஐயுற்றனர். அந்த முன்மொழிவு சட்டமாகவில்லை. இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நம் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படுகின்றன; இரு பாடங்களுக்கிடையே முரண்பாடு காணப்படின் சிங்களப் பாடமே மேலோங்கும் என்னும் பிரிவு சட்டங்களின் இறுதியில் வழக்கமாக நிற்கின்றது. ஆதலின் மொழிபெயர்ப்பிலே தோன்றும் சிறு பொருள் வேறுபாடும் தமிழ் வாசகனுக்கே மிகுந்த இழப்பாய் முடியக்கூடும்.

நாடற்றவர்

இச்சொல்லின் எதிர்மறை வடிவம் இன்னும் கொடிது. எந்த ‘ஸ்டேட்’டும் தன் சட்டத்தின்படி தன் குடியாக ஏற்காத ஒருவரை, அச்சொல்லோடு இன்மைப் பொருள் தரும் ஈறு ஒன்றைச் சேர்த்து ஆங்கிலத்தில் அழைப்பர். 1954 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயம் தரும் வரைவிலக்கணமும் இதுவே. இலங்கையின் 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவரை இந்நிலைக்கு உள்ளாக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்கள் தொகையை 975,000 எனக் கணக்கிட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1988 ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003 ஆம் ஆண்டு 35 ஆம் இலக்கச் சட்டமும் வரும்வரை இச்சிக்கல் முற்றாகத் தீரவில்லை.

‘எஸ்டேட்’ என்பதும் ‘ஸ்டேட்’ என்பதும் ஒரே வேரிற் பிறந்தவை என முன்னர்க் கண்டோம். முன்னையதில் உழைத்தவர்க்குப் பின்னையது மறுக்கப்பட்டது என்பது சொல்லாராய்ச்சி நமக்குக் காட்டும் துயரமான பொருத்தம்.

தமிழிலே அவர்களை ‘நாடற்றவர்’ என்று எழுதினோம். அச்சொல் பொருந்துமா? அவர்களுட் பலர் இம்மண்ணிலே பிறந்தவர், இம்மண்ணிலே தம் பெற்றோரைப் புதைத்தவர், இம்மலைகளைப் பசுமையாக்கியவர். நிலமாகவும் வாழ்விடமாகவும் பார்க்கின் அவர்களுக்கு நாடு இருந்தது. இல்லாதது, அவர்களைத் தன் குடிகள் எனப் பதிவேட்டில் எழுத முன்வந்த ஓர் அரசு. ஆங்கிலச் சொல், குறை அரசுகளின் ஏற்பின்மையில் உள்ளது என்பதற்கு இடமளிக்கின்றது. தமிழ்ச் சொல்லோ, குறை அம்மக்களிடமே உள்ளது போலவும், அவர்கள் எங்கிருந்தோ வந்து எங்கும் ஒட்டாதவர் போலவும் ஒலிக்கின்றது. ‘அரசேற்பற்றவர்’ என்பது போன்ற ஒரு சொல் செவிக்கு இனிதாக இராது. எனினும் உண்மைக்கு அணித்தாக இருந்திருக்கும். பல்லாண்டு பழகிய சொல்லை இனி மாற்றுதல் எளிதன்று. அதனை வாசிக்கும்போதாவது இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நம் கடமை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, ஒரு மொழி வளமானது, மற்றொரு மொழி வறியது என்னும் பேச்சுக்கு இடமில்லை. ஆங்கிலம் ஒரு சொல்லால் மறைத்த வேறுபாட்டைத் தமிழ் மாநிலம், நாடு என இரண்டாகப் பிரித்துத் தெளிவாக்குகின்றது. அங்ஙனமே தமிழ் ‘அரசு’ என்னும் ஒரு சொல்லால் மறைக்கும் வேறுபாட்டை ஆங்கிலம் வேறு வேறு சொற்களாற் காட்டுகின்றது. மற்றொன்று, அகராதியைப் புரட்டி முதலிற் காணும் சொல்லை எடுத்து வைத்தல் மொழிபெயர்ப்பு ஆகாது. அச்சொல் எவ்வினையோடு நிற்கின்றது, எவ்வினத்தோடு நிற்கின்றது, எச்சார்பில் நிற்கின்றது என்னும் மூன்றையும் நோக்கிய பின்னரே பொருள் துணிதல் வேண்டும்.

இம்மூன்றாலும் துணிய முடியாத இடத்தில் என் செய்வது? தொல்காப்பியர் விதி ஆண்டுத் துணைசெய்யும். ஐயத்துக்கு இடமான சொல்லை ஆள்பவன் தன் கருத்தைக் கிளந்து கூறல் வேண்டும். சுமை கேட்போன்மேல் இல்லை, சொல்லுவோன்மேலேயே உள்ளது. இன்று இக்கல்லூரியிற் கற்கும் மாணவர்களுட் சிலர் நாளை சட்டத்தரணிகளாகவும், மொழிபெயர்ப்பாளர்களாகவும், பத்திரிகையாசிரியர்களாகவும், பாராளுமன்ற உறுப்பினர்களாகவும் ஆவர். மூன்று மொழிகளும் ஒரே வீதியில் வழங்கும் கொழும்பு மாநகரிலே வளர்ந்த அவர்களுக்கு, ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியினர் எவ்வாறு கேட்பர் என்பதை அறியும் வாய்ப்பு ஏனையோரினும் மிகுதி. ‘ஸ்டேட்’ என்னும் சொல்லை எழுதுமுன், நிலையா, ஆட்சியா, நாடா, மாநிலமா எனத் தம்மைத் தாமே வினாவி, விடையை வெளிப்பட எழுதும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றுமாயின், இந்நாட்டு மக்கள் ஒருவரையொருவர் ஐயுறுதற்குரிய காரணங்களுள் ஒன்றேனும் குறையும்.